கோச்சடைச் சாலையும் வண்டிக் கடைகளும்

பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து மேற்கே அரசரடியைக் கடந்து காளவாசலுக்கு வந்ததுமே மதுரையின் வண்டிச் சந்தை தொடங்கிவிடுகிறது. பைபாஸ் சாலையிலும் தேனி சாலையிலும் புது வண்டி ஷோரூம், பழைய வண்டி வாங்கி விற்பவர், ஸ்பேர் கடை, சீட் கவர் தைப்பவர், பஞ்சர் கடை, வாட்டர் சர்வீஸ் என்று வரிசை நீள்கிறது. முடக்குச்சாலையில் வலப்பக்கம் பிரியும் மேலக்கால் சாலை கோச்சடைக்குள் நுழைந்து, வைகையின் தென்கரையை ஒட்டித் துவரிமான் பக்கம் போகிறது. முத்தையா சுவாமி கோயிலும், இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970-களில் மதுரா கோட்ஸ் ஆலைக்காரர்களுக்காக வடிவமைத்த கிளப் இருந்த இடமும் கோச்சடையில்தான் இருக்கின்றன. அந்தக் கிளப் இப்போது ஹெரிடேஜ் விடுதி. வெளியூர்க்காரர்கள் அதைத் தேடி வருகிறார்கள். சாலையை நிரப்புவதோ வேறு கூட்டம். பால் கேன் தொங்கும் மொபெட்டும், வாழை இலைக் கட்டு ஏற்றிய பைக்கும், முன்னால் ஒரு பிள்ளையும் பின்னால் இரண்டு பிள்ளையுமாகப் பள்ளிக்கூடம் போகும் ஸ்கூட்டரும்தான் இங்கே போக்குவரத்து. இந்தக் கரையில் இரண்டு சக்கரம் என்பது பிழைப்புக்கான கருவி. அது இரண்டு நாள் பட்டறையில் படுத்தால் இரண்டு நாள் வருமானமும் படுக்கும். அதனால் ‘எந்த வண்டி வாங்கலாம்’ என்று ஊரெல்லாம் விசாரிக்கிறார்கள். ‘எந்தக் கடையில் வாங்கலாம்’ என்று விசாரிப்பவர் குறைவு. என் கட்சி இதுதான்: இரண்டாவது கேள்விக்கு முதல் கேள்வியளவு கனம் உண்டு, அதற்கான விடை ஷோரூமின் முன்பக்கக் கண்ணாடியில் கிடைக்காது, கடை தரும் விலைச் சீட்டிலும் பின்பக்கப் பட்டறையிலும்தான் கிடைக்கும்.

மதுரைக்கு இது புதிய பாடமாக இருக்கக் கூடாது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் இந்த ஊரில்தான் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். 1912-இல் மதுரைக்கும் தேவகோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்கும் முகவராக அவர் பெயர் பெற்றதும் மதுரையிலிருந்துதான். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, கரியிலிருந்து வாயு எடுத்து வண்டியை ஓட்டும் கருவியைச் செய்து விற்றது அந்த நிறுவனம். தான் விற்கும் பொருளைத் தானே தினமும் சாலையில் ஓட்டி, தானே பழுது பார்த்து, ஸ்பேரும் தானே வைத்திருந்த வியாபாரி அவர். வாங்குபவர் கடையை நம்பியதற்குப் பேச்சோ விளம்பரமோ பெரிய காரணம் இல்லை. நேரம் தவறாமல் ஓடிய பஸ் எல்லார் கண்முன்னும் இருந்தது. பிறகு பஸ்கள் அரசுடைமையாகி 1972-இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. விற்பதும் ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் தனித்தனி வேலைகளாகப் பிரிந்தன. இன்றைய ஷோரூம்காரர் தான் விற்கும் வண்டியில் பிழைப்பு நடத்துபவர் அல்லர். ஆகவே அவரை எடை போட வேறு அளவுகோல்கள் வேண்டியிருக்கின்றன.

‘கம்பெனி ஒன்று, வண்டி ஒன்று, விலையும் ஒன்று; கடை எதுவானால் என்ன?’ என்பது முதலில் வரும் மறுப்பு. கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் சட்டத்தின் பார்வையில் கம்பெனியும் டீலரும் ஒருவரல்லர். கோவாவில் ஒருவர் 2011-ஆம் ஆண்டு கார் என்று பணம் கட்டினார். டீலர் கொடுத்தது ஏற்கெனவே 622 கிலோமீட்டர் ஓடிய 2009-ஆம் ஆண்டு வண்டி. நுகர்வோர் மன்றங்கள் டாடா மோட்டார்ஸ் நிறுவனமும் பொறுப்பு என்றன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, தயாரிப்பாளருக்கும் டீலருக்கும் உள்ள உறவு இரண்டு தனி வியாபாரிகளுக்கு இடையே உள்ள உறவு என்றும், டீலர் செய்த தவறு தயாரிப்பாளருக்குத் தெரிந்திருந்தது என்று காட்டாமல் அவரைப் பிணைக்க முடியாது என்றும் சொல்லிக் கம்பெனியை விடுவித்தது. கார் விஷயத்தில் வந்த தீர்ப்புதான். பைக்குக்கும் அதே தர்க்கம் பொருந்தும். தொலைக்காட்சி விளம்பரத்தில் சிரிக்கும் நட்சத்திரத்தின் நற்பெயர், காளவாசலில் நம்மிடம் கையெழுத்து வாங்கும் கடையின் தவறுக்கு ஈடு நிற்காது. எஞ்சின் கோளாறென்றால் கம்பெனியைக் கேட்கலாம். பழைய இருப்பைப் புதிதென்று கொடுத்தது, வாங்கிய பணத்துக்கு ரசீது தராதது போன்றவற்றுக்குப் பெரும்பாலும் கடைதான் பதில் சொல்ல வேண்டும்.

அந்தக் கடை எங்கே சம்பாதிக்கிறது என்று தெரிந்துகொண்டால் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும். எக்ஸ் ஷோரூம் விலையைப் பெரும்பாலும் கம்பெனியே முடிவு செய்கிறது. அதில் டீலருக்கு நிற்பது குறைவு. இன்சூரன்ஸ், கடன், அக்சசரீஸ், சர்வீஸ் ஆகியவற்றில்தான் அவருக்கு இடம் இருக்கிறது. அவர் சம்பாதிப்பதில் தவறில்லை, கடை நடக்க வேண்டுமல்லவா. ஆனால் ‘ஆன் ரோடு இவ்வளவு’ என்று ஒற்றை எண்ணைச் சொல்லி, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் ‘எல்லாம் சேர்த்துத்தான் சார்’ என்று முடிப்பவரிடம் எச்சரிக்கை வேண்டும். அந்த எண்ணுக்குள் இருப்பவை பெரும்பாலும் வெளியே தெரிந்த கணக்குகளே. மத்திய மோட்டார் வாகன விதிகளின் கட்டணப் பட்டியலில் புது மோட்டார் சைக்கிள் பதிவுக்கு 300 ரூபாய். கடன் பதிவுக்கு 500 ரூபாய். தமிழ்நாட்டு ஆயுள் வரி, 2023 நவம்பர் திருத்தத்துக்குப் பின், ஒரு லட்சம் ரூபாய் வரையிலான இருசக்கர வாகனத்துக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 80,000 ரூபாய் உள்ள வண்டியில் இது மட்டுமே 8,000 ரூபாய். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கும் பேரம் கிடையாது. 2018 செப்டம்பரிலிருந்து புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்தாண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். 2022 ஜூனில் அரசு அறிவித்த பட்டியலில் 75-க்கு மேல் 150 சி.சி. வரை அதற்கு 3,851 ரூபாயும் வரியும். வண்டிக்கான சொந்தச் சேதக் காப்பீட்டில்தான் காப்பீட்டு நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசம் வரும். அதை இந்தக் கடையில்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ‘வெளியே எடுத்தால் கிளெய்ம் ஆகாது’ என்று மிரட்டும் கடையில் மற்ற வார்த்தைகளையும் நம்ப வேண்டியதில்லை.

இதில் எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. ஹெல்மெட்டையும் சேலைக் கம்பியையும் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம். வண்டி வாங்கும்போது தர முத்திரையுள்ள ஹெல்மெட்டைத் தயாரிப்பாளர் தர வேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டு விதிகளின் 138-ஆம் விதி. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால்மிதி, உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகியவை இல்லாமல் மோட்டார் சைக்கிளைக் கட்டவே கூடாது என்கிறது 123-ஆம் விதி. சேலையும் தாவணியும் வேட்டியும் பின் சீட்டில் போகிற ஊர் இது. யாரோ யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். இவற்றை ‘அக்சசரீஸ் கிட்’ என்ற பெயரில் சில ஆயிரத்துக்குள் மறைத்து வைக்கும் கடைக்கும், எது வண்டியோடு வருவது, எது நம் விருப்பம் என்று பிரித்துச் சொல்லும் கடைக்கும் உள்ள வேறுபாடு பணத்தில் சிறியதாக இருக்கலாம். அடுத்த ஐந்தாண்டு அந்தக் கடை நம்மிடம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி முதல் நாளில் கிடைக்காது.

கடன் மேசையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு லட்சத்துக்கு ‘பத்து பெர்சென்ட்’ என்பார்கள். மூன்று ஆண்டு வட்டி 30,000 ரூபாயைக் கூட்டி 36-ஆல் வகுத்தால் மாதத் தவணை 3,611 ரூபாய். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே போகிறது, வட்டி மட்டும் கடைசிவரை முழு லட்சத்துக்கும் ஓடுகிறது. குறையும் அசலுக்கு வட்டி போட்டுப் பார்த்தால் இது ஏறக்குறைய 18 சதவீதம். 2024 அக்டோபர் முதல் தனிநபர் கடன்களுக்கு எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு வட்டியைக் காட்டும் முக்கிய விவரச் சீட்டு ஒன்றைக் கடன் தருபவர் கொடுத்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அதைக் கேட்காமலே எடுத்து நீட்டும் கடை நல்ல கடை.

காகிதத்துக்கு இவ்வளவு அலட்டலா என்று கேட்கலாம். அதற்கு 2020-ஐ நினைவுபடுத்த வேண்டும். பாரத் ஸ்டேஜ் 4 என்ற பழைய புகை விதிப்படி செய்த வண்டிகளின் விற்பனையும் பதிவும் அந்த ஆண்டு மார்ச் 31-உடன் முடிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. கடைசி வாரத்தில் ஊரடங்கும் வந்தது. இருப்பைத் தள்ளிவிடத் தள்ளுபடி, வாங்கக் கூட்டம், பிறகு குழப்பம். ஆகஸ்டில் நீதிமன்றம் ஒரு வழி திறந்தது: கெடுவுக்குள் விற்று, அரசின் வாகன் தளத்தில் விவரம் ஏற்றப்பட்ட வண்டிகளைப் பதியலாம். அதாவது ஒரே நாளில், ஒரே விலைக்கு, ஒரே மாதிரி வண்டி வாங்கிய இரண்டு பேரில் ஒருவருக்கு ஆர்.சி. கிடைத்தது, மற்றவருக்குச் சிக்கல். வித்தியாசம் வண்டியில் இல்லை. டீலரின் கடையில் கணினிமுன் உட்கார்ந்த எழுத்தர் அன்றைய வேலையை அன்றே முடித்தாரா என்பதில் இருந்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், ஒரே மாநிலத்துக்குள் விற்கும் புது வண்டியின் பதிவுக்கு டீலரே விண்ணப்பிக்க வேண்டும், பதிவு எண் பொருத்தாமல் வண்டியை ஒப்படைக்கக் கூடாது என்கிறது. விண்ணப்பிக்கத் தவறினால் ஆண்டு வரியைப் போல் 15 மடங்கு, அல்லது ஆயுள் வரி, இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம். இருந்தும், நல்ல நாள் பார்த்து வண்டியை எடுத்துப் பாண்டி கோயிலுக்கோ குலசாமி கோயிலுக்கோ கொண்டுபோய்ப் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிவிட வேண்டும் என்ற அவசரம் நமக்கு. ஆயுதபூசை அன்று வண்டியைச் சுற்றிப் பார்க்க வாங்குபவருக்கும் பொறுமை இல்லை, கொடுப்பவருக்கும் நேரம் இல்லை. பணத்தை முன்னதாகவே கட்டி, வண்டியை முதல் நாளே போய்ச் சரிபார்த்து, நல்ல நேரத்தில் சாவியை மட்டும் வாங்கிக்கொள்வதை எந்தச் சாமியும் தடுக்கவில்லை. சரிபார்ப்பது கடினமும் இல்லை. சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் விற்பனைச் சான்றான படிவம் 21-இல் உள்ளவையோடு பொருந்த வேண்டும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. இருசக்கர வண்டி டயர் செய்யும் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா ஆலையே மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் இருக்கிறது. டயரின் வயதைப் படிக்க மதுரைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பட்டறைக்கு வருவோம். கோச்சடையிலிருந்து துவரிமான் வரை சாலையோரம் மரத்தடி மெக்கானிக்குகளுக்குக் குறைவில்லை. ‘ஃப்ரீ சர்வீஸ் முடிந்ததும் நம்ம ஆள்கிட்டதான் விடப்போகிறேன், ஷோரூம் பட்டறையைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?’ என்பது வலுவான மறுப்பு. பாதி உண்மையும் கூட. கார்புரேட்டர் காலத்தில் முழு உண்மையாகவே இருந்தது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபின் சாதாரண நூறு சி.சி. வண்டியிலும் எரிபொருளை அளந்து தெளிப்பது மின்னணு அமைப்புதான். 2023 ஏப்ரலில் அடுத்த கட்ட விதியும் சேர்ந்தது. வண்டியே தன் கோளாறைக் குறித்துவைத்துக்கொள்கிறது. அதைப் படிக்கக் கருவி வேண்டும், சில வண்டிகளுக்குக் கம்பெனியின் மென்பொருளும் வேண்டும். வாரண்டி இருக்கும்வரை வெளியாள் கைவைத்தால் அதைக் காரணம் காட்டிக் கடை நழுவவும் இடம் உண்டு. ஆக, நம்ம ஆள் தேவை, கடைப் பட்டறையும் தேவை. அதைவிட முக்கியமாக, அந்த மரத்தடி ஆள்தான் ஷோரூமைப் பற்றிய மிக நல்ல சாட்சி. எந்தக் கடையிலிருந்து வந்த வண்டியில் ஆயில் மாற்றாமலே பில் போட்டிருந்தார்கள், எந்தக் கடையில் ஸ்பேர் கேட்டால் அன்றே கிடைக்கும், எங்கே வாரக்கணக்கில் இழுப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போடுபவர் பெரும்பாலும் சாவி வாங்கிய மகிழ்ச்சியில், விற்பனையாளர் பக்கத்தில் நிற்கப் போடுகிறார். அது விற்பனைக்கான மதிப்பெண்தான். மூன்றாவது சர்வீஸ் முடித்து வருபவரிடம் கேட்டால் கதை மாறும். ஷோரூமுக்குப் போகும்போதே பின்பக்கம் நடந்து, வண்டி விட வந்தவர்களிடம் பேச்சுக் கொடுக்கலாம். ஜாப் கார்டில் வேலையை எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்களா, முடிந்ததும் மாற்றிய பழைய பாகத்தைக் காட்டுகிறார்களா, பில்லில் பாகத்தின் விலையும் கூலியும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். காலையில் மல்லிகைப் பூவை மாட்டுத்தாவணிச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டியவருக்கு ஏ.சி. காத்திருப்பு அறை எதற்கு? ‘நாளைக் காலை’ என்று சொன்ன வண்டி நாளைக் காலை கிடைத்தால் போதும்.

மேலக்கால், சோழவந்தான், செக்கானூரணி, உசிலம்பட்டி என்று நகரத்தை விட்டு விலகினால் கேள்வி வேறாகிறது. நகரத்துப் பெரிய டீலரா, ஊரில் உள்ள சப் டீலரா? நகரத்துக் கடைதான் பாதுகாப்பு என்பது பொது நம்பிக்கை. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர் ஒவ்வொரு சர்வீஸுக்கும் காளவாசல் நெரிசலுக்குள் வந்து ஒரு நாளை இழப்பதைவிட, தெருவில் முகம் தெரிந்த சப் டீலர் மேல். ஊருக்குள் கடை வைத்தவருக்கு ஊர்வாய்க்கு அஞ்ச வேண்டிய கட்டாயமும் உண்டு. ஆனால் முகம் தெரிந்தவர் என்பதற்காக வெள்ளைத் தாளில் எழுதிய ரசீதுக்குப் பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது. பணம் போகும் வங்கிக் கணக்கும், இன்வாய்ஸும், படிவம் 21-உம் வர்த்தகச் சான்று வைத்திருக்கும் அங்கீகாரம் பெற்ற டீலரின் பெயரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நாளை சிக்கல் வரும்போது சப் டீலர் பெரிய டீலரைக் காட்டுவார், பெரிய டீலர் ‘அவர் யாரென்றே தெரியாது’ என்பார்.

இடைத்தரகர் இல்லாமல் கம்பெனியே நேராக விற்றால் இந்தத் தொல்லையே இல்லையே என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். அதற்கும் தமிழ்நாட்டிலேயே சோதனை நடந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலை வைத்த ஓலா எலக்ட்ரிக், டீலர்களை விட்டுவிட்டு நேரடி விற்பனையில் இறங்கியது. விற்பனை வேகமாக வளர்ந்தது; பழுது பார்க்கும் இடம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஓராண்டில் 10,000-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்த நிலையில், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் அந்த நிறுவனத்துக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. புகார்களில் 99.1 சதவீதத்தைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதில் சொன்னது. யார் கணக்கு சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். டீலரை எடுத்துவிட்டால் நம்பிக்கைப் பிரச்சினை தீர்ந்துவிடாது என்பது தெரிந்துவிட்டது. பழுதுக்குப் பொறுப்பேற்கும் ஓர் இடம், பெயர் சொல்லிக் கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த இடம் டீலருடையதா கம்பெனியுடையதா என்பது அடுத்த கேள்விதான்.

கடைசியாக ஒரு மறுப்பு, இதுதான் எனக்கும் தயக்கம் தருவது. இவ்வளவையும் கேட்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? கூலி வேலைக்குப் போகும் ஒருவர் குளிரூட்டிய அறையில் டை கட்டிய பையனிடம் ‘இந்த 4,500 எதற்கு?’ என்று கேட்கக் கூசுவார். உண்மைதான், வாங்குபவர் விழிப்பாக இருந்தால் போதும் என்று சொல்லிப் போக்குவரத்துத் துறை கைகழுவ முடியாது. கட்டணப் பட்டியலைத் தமிழில் ஷோரூம் சுவரில் எழுதிவைக்கச் சொல்வது டி.என். 58, 59, 64 என மூன்று பதிவு எல்லைகள் கொண்ட மதுரையில் பெரிய காரியமும் இல்லை. அதுவரை ஒரு வழி உண்டு: வாயால் கேட்கக் கூச்சமென்றால், விலையைப் பிரித்துக் காட்டும் கொட்டேஷனைக் கடையின் முத்திரையோடு எழுத்தில் வாங்குங்கள். இரண்டு கடைகளின் தாளைப் பக்கத்தில் வைத்தால் அவையே பேசும். எழுதித் தர மறுக்கும் கடையில், தள்ளுபடி எவ்வளவானாலும், அட்வான்ஸ் கட்டாதீர்கள். கட்டிய பின்பு ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் அந்தத் தாள்தான் ஆதாரம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் தமிழிலேயே புகாரைச் சொல்லலாம். தீரவில்லையென்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்குபவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் எதுவும் கிடையாது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.